இடுப்பில் செருகிய ரிமோட்

முனிராஜ் நாய்களை வதைத்தவன் அல்லன். வதைத்தவள் நான். அந்தப் பழியைத் தூக்கி அவன் தலையில் வைத்தவளும் நானே!

எங்கள் குடியிருப்பில் அன்று நடந்த கூட்டத்தில் நீங்களும் இருந்திருக்கலாம். என் பேச்சுக்குக் கை தட்டியிருக்கலாம். "டீச்சர் என்னமாப் பேசினாங்க!" என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லியுமிருக்கலாம். அப்படியானால் இதை அவசியம் படியுங்கள். நீங்கள் கை தட்டியது ஒரு பொய்க்கு.

நான் தமிழாசிரியை. பிறந்த ஊர் முசிறி. கணவர் தனபாலுக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை; அதனால் இரண்டாயிரத்துகளின் தொடக்கத்தில் இங்கே வந்து குடியேறினோம். பட்டிமன்றம் என்றால் என்னை எந்த அணியிலும் போடலாம். காலையில் 'ஆம்' என்று ஒரு மேடையில் முழங்கிவிட்டு, மாலையில் 'இல்லை' என்று இன்னொரு மேடையில் முழங்கி, இரண்டிலும் பரிசு வாங்கியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு!

எங்கள் வீட்டில் பூரி என்று ஒரு நாய் இருந்தாள். பாதி லாப்ரடார், பாதி தெரு நாய். குட்டியில் பால் குடித்ததும் வயிறு உப்பிக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர். வளர்ந்த பிறகு குரைக்க ஆரம்பித்தாள். கூரியர்காரன் வந்தால் குரைப்பு, கேஸ் சிலிண்டர் உருண்டால் குரைப்பு, பக்கத்துக் காலி மனையில் மாடு தலையைத் தூக்கினால் குரைப்பு. இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிற மனிதர் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் சாமல்பட்டி ஸ்டேஷன்ல கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவேன். அங்க ரயிலப் பாத்துக் குரைக்கட்டும்," என்றார் கணவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் செய்யக்கூடியவர்.

பூரியை இழக்க எனக்கு மனமில்லை. அதை மட்டும் நம்புங்கள். எல்லாமே அவளை வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையில்தான் தொடங்கியது.

முனிராஜ் சூளகிரிப் பக்கத்து விவசாய வீட்டுப் பையன். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கன்னடம். கம்பெனிகளுக்கும் வீடுகளுக்கும் நாய் பழக்கிக் கொடுப்பது அவன் தொழில். காலையில் எங்கள் லே-அவுட் மைதானத்தில் நான்கைந்து நாய்களோடு நிற்பான். "கூச்சோ" என்று தெலுங்கில் அவன் ஒரு சொல் சொன்னால் அத்தனையும் உட்காரும். இன்று அவரைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்றுதான் கை போகிறது. ஆனால் அன்று நான் 'அவன்' என்றே நினைத்தேன். நினைத்தபடியே எழுதுகிறேன்.

பூரியை இரண்டு வாரம் பிஸ்கட் கொடுத்துப் பழக்கினான். அவன் இருக்கும்வரை அமைதி. அவன் போனதும் பழைய கதை. அவனுடைய பையில் ஒரு கருப்புப் பட்டை கிடப்பதை நான் பார்த்து வைத்திருந்தேன். கழுத்தில் படும் பக்கம் இரண்டு இரும்பு முளைகள், கூடவே ஒரு சின்ன ரிமோட். அதில் ஒன்று முதல் பத்து வரை எண்கள். கரண்ட் பெல்ட் என்று அவனே ஒருநாள் சொல்லியிருந்தான்.

"அதக் கொடுங்களேன் முனிராஜ்," என்றேன்.

"அது வேணாங்க டீச்சர். அது எல்லா நாய்க்கும் போடறது இல்லீங்க. ஹைவேல லாரி பின்னாடி ஓடுற நாய்ங்க இருக்குதில்ல, நாளைக்கு அடிபட்டுச் சாவப்போவுது... அந்த மாதிரி நாய்க்கு. அதுவும் ஒரு தடவ, ரெண்டு தடவ. நான் கூட நின்னு."

"சாமல்பட்டியில கொண்டுபோய் விடறதுக்கு இது பரவாயில்ல இல்லையா?"

 என்னோடு வாதிட்டு யார்தான் ஜெயித்தார்கள்! பெல்ட்டை எடுத்து முதலில் தன் கையில் வைத்து அழுத்திக் காட்டினான். பிறகு என் கையில். இரண்டாம் எண். சுருக்கென்றது.

"இதுக்கு மேல போவாதீங்க. அரை மணி நேரத்துல கழட்டிடணும், இல்லன்னா கழுத்து புண்ணாயிடும். பத்து நாள்ல திருப்பிக் கொடுத்துடுங்க டீச்சர்."

மூன்று நிபந்தனைகள். மூன்றையும் மீறினேன்.

முதல் நாள் பள்ளி விடுமுறை; அன்றே வீடு அடங்கிவிட்டது. கணவர் மதியம் இரண்டு மணிவரை தூங்கி எழுந்து, "என்னடி மந்திரம் போட்ட?" என்றார். விசிலடிக்கும் பெல்ட் என்று சொன்னேன். அவர் நம்பினார். என் முதல் பொய் அதுதான், எவ்வளவு சுலபமாக வந்தது!

ரிமோட்டைச் சேலை இடுப்பில் செருகிக்கொள்வேன். சமையலறையில் நின்றபடியே, அவளைப் பார்க்காமலே, கையை மட்டும் இடுப்புக்குக் கொண்டுபோனால் போதும். நாற்பது பிள்ளைகளைக் கத்திக் கத்தி அடக்கித் தொண்டை வறண்டு வருகிறவளுக்கு அது எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? சுகமாக இருந்தது. ஆமாம், சுகம்! வேறு சொல் போட்டு மறைக்க மாட்டேன். இரண்டு மூன்றாயிற்று. மூன்று ஐந்தாயிற்று. பத்து நாள் மூன்று மாதமாயிற்று. முனிராஜ் இரண்டு முறை கேட்டான். ஏதோ சாக்குச் சொன்னேன். கழற்றி மாட்டச் சோம்பல்பட்டு, பட்டையைப் பகல் முழுவதும் அவள் கழுத்திலேயே விட்டேன்; அது கழுத்தில் இருந்தாலே, நான் பள்ளியில் இருக்கும்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை.

இனி எழுதப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் பள்ளித் தாளாளர் எல்லார் முன்னிலையிலும் என்னைத் திட்டிவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். பூரி வாலை ஆட்டிக்கொண்டு, என் வீட்டுச் செருப்பை வாயில் கவ்விக்கொண்டு வந்து நின்றாள். குரைக்கவில்லை. ஒன்றுமே செய்யவில்லை. நான் ரிமோட்டை எடுத்து ஏழில் வைத்து அழுத்தினேன்.

ஏன்? ஏன் அழுத்தினேன்? இத்தனை வருடம் கேட்டும் எனக்குள்ளிருந்து பதில் வரவில்லை...

அவள் அலறினாள். செருப்பு விழுந்தது. சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு எங்கே வந்தாள் தெரியுமா? என்னிடமே வந்தாள்! எங்கிருந்தோ வலி வந்துவிட்டது, காப்பாற்று என்று என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கினாள். நானும் தடவிக் கொடுத்தேன். "ஒண்ணுமில்லடி... ஒண்ணுமில்லடி" என்றேன்.

நாய் முட்டாள் இல்லை. சில வாரங்களில் கண்டுபிடித்துவிட்டாள். என் கை இடுப்புக்குப் போனாலே, மோவாயைத் தரையில் ஒட்டித் தட்டையாகப் படுத்துவிடுவாள். அதன்பிறகு வலித்தால் அவள் என்னிடம் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சுஜாதா ஒருநாள் கறிவேப்பிலை கேட்டு வந்தாள். பூரியின் கழுத்தில் ஈ மொய்ப்பதைப் பார்த்து, பட்டையை நகர்த்தி மயிரை விலக்கினாள். இரண்டு ஓட்டைகள். சீழ்.

"ஐயையோ, என்ன டீச்சர் இது! அந்த முனிராஜ் பண்ண வேலையா? பகல்ல நாய் அலறுற சத்தம் கேக்குதேன்னு நெனச்சேன்..."

நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். மௌனம் சம்மதம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். இரண்டே நாளில் லே-அவுட் முழுக்கப் பரவியது. முனிராஜ்தான் விசில் பெல்ட் என்று சொல்லி என்னை ஏமாற்றிவிட்டான் என்று கணவரும் தாமாகவே நம்பினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையார் கோயில் மண்டபத்தில் குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்று அறிவித்தார்கள். இப்படிப்பட்ட பெல்ட்டை அனுமதிக்கலாமா, முனிராஜை உள்ளே விடலாமா என்பதுதான் பேச்சு.

சனிக்கிழமை அவன் என் வீட்டுக்கு வந்தான். பூரியைக் கூப்பிட்டான். குனிந்து கழுத்தைப் பார்த்தான். 

"எத்தினி நாளா கழட்டல டீச்சர்?"

நான் அழுதுவிட்டேன். அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான், எனக்காக அல்ல.

"செரி, அழுவாதீங்க. மொதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. நாளைக்கு நாம ரெண்டு பேருமே நடந்தத சொல்லிடலாம். நான் கொடுத்தது தப்பு, நீங்க கழட்டாதது தப்பு. ஒத்துக்கிட்டா ஜனங்க புரிஞ்சிக்குவாங்க. நீங்க ரெண்டு வார்த்த சொன்னா போதும் டீச்சர், எல்லாரும் கேப்பாங்க."

"சொல்றேன் முனிராஜ். கண்டிப்பா சொல்றேன்," என்றேன். அந்த நிமிடத்தில் மனதாரத்தான் சொன்னேன்.

மண்டபத்தில் முன்வரிசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? என் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர். அந்த வருடம்தான், ஒரு பையனை ஸ்கேலால் அடித்ததற்காக எங்கள் பள்ளியில் ஓர் ஆசிரியையை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நாய்க்குக் கரண்ட் வைத்தவளிடம் யார் பிள்ளையை விடுவார்கள்? சங்கத் தலைவர் மைக்கை நீட்டினார். "நம்ம டீச்சர் பேசுவாங்க. அவங்க நாயிக்கே இந்தக் கதி."

முனிராஜ் தூணோரம் நின்று என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான். தைரியம் சொன்னான் எனக்கு!

நான் பேசினேன். வாயில்லா ஜீவனுக்கு வலி எங்கிருந்து வருகிறது என்றுகூடத் தெரியாது என்றேன். அது தன் எஜமானியிடமே அடைக்கலம் தேடி ஓடும் என்றேன். அன்பு கொடுக்க வேண்டிய இடத்தில் கரண்ட் கொடுக்கும் மனிதருக்கு நம் தெருவில் என்ன வேலை என்று கேட்டேன். பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை, நானே கண்டது. ஆளின் பெயர் மட்டும்தான் பொய்.

பேச்சு சூடேறினால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகுவது என் மேடைப் பழக்கம். செருகினேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று சங்கத்தார் கூட்டி வரச் சொல்லியிருந்ததால், கழுத்தில் கட்டோடு மேடை ஓரம் நின்றிருந்த பூரி அப்படியே தட்டையாகப் படுத்தாள்.

மண்டபமே கை தட்டியது. "பாத்தீங்களா! அடியில்ல, கரண்ட்டில்ல, அன்பால பழக்கினா எப்படிக் கேக்குது பாருங்க!" என்றார் தலைவர்.

முனிராஜ் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பில் இருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிமோட் எங்கே இருந்தது என்று அவனுக்கு விளங்கிவிட்டது.

"நீ என்னப்பா சொல்ற?" என்று தலைவர் கேட்டார்.

ஒரே ஒரு வாக்கியம் போதும், என் மானம் கப்பலேறியிருக்கும்.  அவன் தூணை விட்டு நகர்ந்து நின்றான்.

"பெல்ட்டு என்னுதுதாங்க. டீச்சர் சொன்னா செரியாத்தான் இருக்கும்."

அது பெருந்தன்மையா? வெறுப்பா? சொன்னாலும் எவரும் நம்பமாட்டார்கள் என்ற சலிப்பா? எனக்குத் தெரியவில்லை. செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டான். பெல்ட்டை அவன் திருப்பிக் கேட்கவே இல்லை. நானும் கொடுக்கவில்லை.

என் பேச்சிலிருந்தே அவனுக்கு ஒரு பெயர் கிடைத்தது: 'கரண்ட் முனிராஜ்'. அந்தப் பெயர் அவனுக்கு முன்பாகவே ஒவ்வொரு லே-அவுட்டுக்கும், ஒவ்வொரு பண்ணை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு வருடத்தில் யாரும் அவனிடம் நாயை விடவில்லை. பூரி அதன்பிறகு நான்கு வருடம் இருந்தாள். ஒருமுறைகூடக் குரைக்கவில்லை. "தங்கமான நாய்" என்றார் கணவர்.

ஷாக் காலர் என்கிற இந்தக் கரண்ட் பெல்ட் கூடுமா, கூடாதா என்று கேட்கிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு பக்கம், வண்டியில் அடிபட்டுச் சாவதைவிட ஒரு சுருக் மேல் என்கிறார்கள். மறுபக்கம், அது பயிற்சியே அல்ல, பயமுறுத்தல் என்கிறார்கள். முன்பானால் எந்தப் பக்கத்திலும் பேசியிருப்பேன். இன்று எவராவது கூப்பிட்டால் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளே ஒரு குரல், முனிராஜ்தானே கொடுத்தான், கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று இன்னமும் அவன்மேல் குறை சொல்கிறது. வெட்கமில்லாத குரல்!

பூரி செத்த பிறகு, அவன் சூளகிரிக்கு அருகே புதிதாக வந்த ஒரு கம்பெனியில் செக்யூரிட்டியாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஒரு சனிக்கிழமை மதியம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். காலில் விழுவது என்றுகூட முடிவு செய்திருந்தேன்.

நீலச் சட்டை, தொப்பி. இளைத்திருந்தான். கேட்டருகே போய் நின்றேன். என்னை நேராகப் பார்த்தான்.

"யாரப் பாக்கணும் மேடம்?"

உங்களைத்தான் முனிராஜ்... அந்த ஒரு சொல்! எத்தனை மேடை ஏறிய நாக்கு! எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். யாரென்றே தெரியாதவர்கள்.

"ஹெச்.ஆர்.ல... ரமேஷ்னு ஒருத்தர்," என்றேன்.

அவன் நோட்டைத் திருப்பி வைத்தான். பெயர், ஊர், யாரைப் பார்க்க, எழுதினேன். அவன் உள்ளே போன் போட்டுக் கேட்டான்.

"அப்படி இங்க யாரும் இல்லியாம் மேடம்."

"வேற கம்பெனி போலிருக்கு. மாறி வந்துட்டேன்."

"இருக்கும்," என்றான். பின்னால் நின்றவர்களை உள்ளே அனுப்பினான். பிறகு கேட்டுக்கு வெளியே இரண்டடி வந்து, கையை நீட்டிக் காட்டினான்.

"ஓசூர் பஸ்ஸு எதிர்ப்பக்கம் நிக்கும். பாத்துப் போங்க டீச்சர்."

டீச்சர் என்றான். நான் தலையை ஆட்டினேன். சாலையைக் கடந்து, வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன்பிறகு அங்கே போகவில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதைத்தான் உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.