முட்டியை ஆடவிடாத ஆன்டி குரல்

ஸ்கேன் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், முட்டி போனவரைவிட முட்டியைப் படம் பிடிக்கக் காத்திருப்பவருக்குத்தான் கோபம் அதிகம். சக பாவிகளே, சிரிப்பு உண்டு, சத்தியம்! ஆனால் எங்கள் கிள்ளான் ஸ்கேன் சென்டரில் நம்பர் கூப்பிடாமல் எதுவும் கிடைக்காது. உட்காருங்கள்.

ஏன் இந்தக் கூட்டம்?

முன்பெல்லாம் முட்டி திருகினால் ஓர் எக்ஸ்ரே, ஒரு மாவுக்கட்டு, வீட்டுக்குப் போ. இப்போது டாக்டர்கள் கத்தியைத் தொடுவதற்கு முன்னால், ஜவ்வு முழுசாகக் கிழிந்ததா, பாதியா என்று கேட்கிறார்கள். பாதி என்றால் பெரும்பாலும் பயிற்சியே போதுமாம். அந்தப் பதில் எக்ஸ்ரேயில் வராது, எம்.ஆர்.ஐ.யில்தான் வரும். ஆகவே ஃபுட்சால் முட்டி, பூப்பந்து முட்டி, மோட்டார்சைக்கிள் முட்டி எல்லாம் எங்கள் வாசலில்.

எஸ்.பி.எம். பரீட்சையோடு பள்ளியை முடித்துவிட்டு வந்த எனக்கு, "மூணு வாரத்துக்கு இடமில்ல" என்று சொல்வதே வேலை. அதைப் போனில் பெரிய டாக்டரின் கரகரக் குரலில் சொல்லுவேன். ஒருவரும் சண்டைக்கு வருவதில்லை. ஸ்கேன் எடுக்கும் லெட்சுமி அக்கா மட்டும் முறைப்பார்: "முட்டிய சரி பண்ணலாம், உன் வாய என்ன பண்றது லா?"

காப்பார் அங்கிள்

லோரியிலிருந்து குதித்து முட்டியைத் திருகிக்கொண்ட அங்கிள் ஒருவர் காப்பாரிலிருந்து வந்தார். இன்று படம் தெளிவாக விழாவிட்டால் இன்னும் மூன்று வாரம். அதுவரை லோரியும் இல்லை, பதிலும் இல்லை. மெஷின் டக்டக்கென்று தட்டியதுமே காலை ஆட்டினார். படம் கலங்கியது. அக்கா என் கவுண்டரை ஒட்டியிருந்த மைக்கில் கெஞ்சினார். மறுபடியும் ஆட்டல். இன்னும் ஒரே தடவைக்குத்தான் நேரம் இருந்தது. உள்ளிருந்து அங்கிள் கத்தினார்: "நான் எங்கம்மா ஆட்டுறேன்? ஒங்க மெஷின்தான் ஆடுது!"

மைக்கில் வந்த ஆன்டி

காலையிலிருந்து அவர் மனைவி கவுண்டருக்கு நாலு தடவை போன் அடித்திருந்தார். குரல் எனக்கு மனப்பாடம். அக்கா தலையில் கைவைத்த நேரம் பார்த்து மைக்கை அழுத்தினேன்: "ஏங்க! இன்னொருவாட்டி காலு ஆடுச்சு, நான் உள்ளாற வந்துருவேன்!"

அங்கிள் கல்லாகிவிட்டார். படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. திட்ட வாய் திறந்த அக்கா, படத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

நொண்டிக்கொண்டே வெளியே வந்த அங்கிள் நாற்காலி வரிசையெல்லாம் தேடினார். பெண்கள் கழிவறை வாசலில் நின்றுகூட, "வாம்மா, போலாம்!" என்று கூப்பிட்டார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சிரித்துக் குலுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் லோக்கரிலிருந்து ஹேன்போனை எடுத்து அடித்தார். அந்தப் பக்கம் குக்கர் விசில். "காப்பார்லதான் இருக்கேன், சோறு வேகுது!"

போனைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடிப்பாவி, ஒண்ணுக்கே தாங்கல, ரெண்டாவதா நீ வேறயா?"

ரிப்போர்ட்டில் பாதிக் கிழிசல்தான், கத்தி வேண்டாமாம். வைத்தியம் எவ்வளவு மாறினாலும், ஒரு மனுஷனை அரைமணி நேரம் ஆடாமல் கிடத்த மனைவி குரலுக்கு மிஞ்சிய மெஷின் இன்னும் வரவில்லை.