உடைந்த பிஸ்கட் பொறுக்கும் பிரிவு

வேலை போய்விடக் கூடாது என்ற ஒரே பயத்தில்தான் நான் எம்.பி.ஏ. சேர்ந்தேன். தலைமைப் பண்பு, தொலைநோக்கு என்றெல்லாம் நேர்முகத் தேர்வில் அளந்தது சும்மா. கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாம் ஆண்டுக்குத் தயார்படுத்திய ஒய்டூகே வேலையெல்லாம் முடிந்து, அமெரிக்காவில் கம்பெனிகள் வரிசையாகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் எங்கள் சாப்ட்வேர் கம்பெனிக் கட்டடத்திலேயே பாதி மாடிகள் காலி. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், தம்பி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான், கிழக்கேகோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு என் சம்பளத்தில்தான் ஓடியது. மேனேஜ்மென்ட் படித்தவளை அவ்வளவு சுலபத்தில் வெளியே அனுப்ப மாட்டார்கள் என்று சொன்னார்கள். நம்பினேன்.

சொன்னவர் வேறு யாருமில்லை, எங்கள் மேனேஜர்தான். நாகர்கோவில்காரர், தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடவே மாட்டார். "நீங்க டெஸ்டிங்லயே கிடந்தா ஆயுசு முழுக்க அடுத்தவன் தப்பைத்தான் பாத்துக்கிட்டிருக்கணும், கேட்டீங்களா? வாங்க, நானும் சேரப் போறேன்" என்று விண்ணப்பத்தையும் அவரே வாங்கிக்கொண்டு வந்தார். அப்போது நான் டெஸ்டிங் பிரிவின் லீடராக இருந்தேன். புரோகிராமர்கள் எழுதியதை வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது எங்கள் வேலை. என்னோடு சேர்த்து எல்லோரும் பெண்கள். எங்களைப் பார்த்தாலே புரோகிராமர்களின் முகம் சுருங்கும். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும் உண்டு.

சனி, ஞாயிறுகளில் வகுப்பு. வாரமெல்லாம் உழைத்துக் களைத்த ஜனங்கள் கழுத்து அட்டையைக் கழற்றக்கூட மறந்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியர் வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர். வகுப்புக்குள் யாரும் யாரையும் சார், மேடம் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அவர் சட்டம். என் வாயில் அது வரவில்லை. மேனேஜரை எதுவுமே சொல்லிக் கூப்பிடாமல் ஒரு வருஷத்தைத் தள்ளினேன்.

இரண்டாம் வருஷம் பேராசிரியர் புதிதாக ஒன்று ஆரம்பித்தார். ஒவ்வொருவரும் தங்கள் அலுவலகத்தில் உள்ள நிஜமான சிக்கல் ஒன்றைக் கேஸாக எழுதித் தர வேண்டும். ஆனால் எந்தக் கம்பெனி என்று தெரியக் கூடாது. தொழிலையே மாற்றிவிட வேண்டும். எழுதியவர் பெயரில்லாமல் அவர் அதைப் பிரதி எடுத்துக் கொடுப்பார், வகுப்பு விவாதித்துக் கை தூக்கி முடிவு செய்யும். நான் எங்கள் அலுவலக வண்டித் தகராறைக் கல்யாண மண்டபச் சமையல்காரர் தகராறாக மாற்றி எழுதினேன். இன்னொருவர் தன் வங்கியை ஆஸ்பத்திரி ஆக்கியிருந்தார். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் வட்டி கட்டினார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்படி ஒரு சனிக்கிழமை வந்ததுதான் பிஸ்கட் கம்பெனி. ஆர்டர் குறைந்துவிட்டது, செலவைக் குறைக்க வேண்டும். சூளையிலிருந்து வரும் பிஸ்கட்டில் உடைந்ததைப் பொறுக்கி எடுப்பதற்கென்றே தனியாக ஒரு பிரிவு. அதில் சில பெண்கள், அவர்களுக்கு ஒரு சூப்பர்வைசர். அந்தப் பிரிவை வைத்துக்கொள்வதா, எடுப்பதா? இதுதான் கேள்வி.

முதலில் கை தூக்கியது நான். இதற்கெல்லாமா ஒரு கேஸ் என்று எரிச்சலாகக்கூட இருந்தது. "சுடுகிறவனே உடைந்ததையும் பார்க்கட்டும். பின்னால் பார்க்க ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் அவன் அசட்டையாகச் சுடுகிறான். அந்தப் பிரிவை எடுத்துவிட்டால் செலவும் குறையும், பிஸ்கட்டும் உடையாது" என்று ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டினேன். பேராசிரியர் நான் சொன்னதைக் கரும்பலகையில் எழுதி அடியில் கோடு போட்டார். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நன்றாகப் பேசிவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏறக்குறைய வகுப்பு முழுவதும் என் பக்கம் கை தூக்கியது.

திங்கட்கிழமை காலையில் மேனேஜர் என்னை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது.

"ஒரு காரியம் சொல்லணும். ஹெட் ஆபீஸ்ல முடிவு பண்ணிட்டாங்க. இனி புரோகிராம் எழுதுறவனே டெஸ்ட் பண்ணட்டும்னு. டெஸ்டிங் டீம் இந்த மாசக் கடைசியோட இல்ல."

"இந்த யோசனையை யார் சொன்னா சார்?"

"நான்தான் எழுதி அனுப்பினேன். மூணு மாசமா அனுப்பவா வேண்டாமான்னு ஒரே விஷமம், மனசு கிடந்து தவிச்சுது. சனிக்கிழமை நீங்க எழுந்து பேசினப்பதான் தைரியமே வந்தது. அன்னைக்கு ராத்திரியே மெயில் போட்டேன், நேத்தே சரின்னு பதில் வந்துட்டு."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிஸ்கட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். இப்போது அதிர்ந்து போனது அவர்தான்.

"அய்யோ, உங்களுக்குப் பிடிகிட்டலையா? உங்க டீமைத்தானே நான் பிஸ்கட்டா எழுதினேன்! எல்லாம் மனசிலாகித்தான் பேசுறீங்கன்னு நினைச்சேன். தன் வேலை போனாலும் சரின்னு கம்பெனிக்காகப் பேசுறாங்களே, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்னு வீட்ல போய் என் மிசஸ்கிட்ட சொன்னேன்."

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேனா, நிற்கிறேனா என்றுகூடத் தெரியவில்லை. அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. அந்த ஆள் பொய் சொல்லவில்லை. என்னை அத்தனை பெரிய மனுஷியாக அவர் நிஜமாகவே நம்பியிருந்தார். அதுதான் என் வாயை அடைத்துவிட்டது.

வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "என்னடி ஆச்சு? ஆபீஸ்ல ஏதானும் சொன்னாளா?" விஷயத்தைச் சொன்னேன். பிஸ்கட்டைப் பற்றிச் சொல்லவில்லை, எந்த முகத்தோடு சொல்வது? அம்மா, "சாரமில்லை, போனாப் போறது, வேற ஜோலி கிடைக்காமயா போயிடும்? அதான் மேனேஜ்மென்ட் படிக்கறயே" என்றாள். அதைக் கேட்டதும்தான் அழுகை வந்தது.

அடுத்த சனிக்கிழமை வீம்புக்குத்தான் வகுப்புக்குப் போனேன். பேராசிரியர் அதே பிஸ்கட் கேஸின் அடுத்த கட்டத்தை எடுத்தார்: பிரிவை எடுப்பது என்று முடிவாகிவிட்டது, அந்தப் பெண்களிடம் இதை எப்படிச் சொல்வது? ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். தேநீர் விருந்து வைக்கலாம். நினைவுப் பரிசு கொடுக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை சொன்னால் அழுது தீர்க்க இரண்டு நாள் கிடைக்கும் என்றார் ஒருவர். அதையும் பேராசிரியர் கரும்பலகையில் எழுதினார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாதியில் மலையாளத்துக்குத் தாவினேன். அந்தப் பிரிவின் சூப்பர்வைசரிடம் சொல்லியாகிவிட்டது என்றேன். திங்கட்கிழமையே சொல்லிவிட்டார்கள், விருந்தெல்லாம் இல்லை. அந்த சூப்பர்வைசர் நான்தான். என் கீழே இருப்பவர்களில் ஒருத்திக்கு மார்கழியில் பிரசவம், இன்னொருத்தி கணவன் இல்லாதவள். அவர்களிடம் நான் இதை இன்னும் சொல்லவில்லை, தினமும் எதிரில் உட்கார்ந்து அவர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இத்தனை பேர் கை தூக்கினீர்களே, அந்தப் பெண்களை ஒரு வார்த்தை கேட்கலாம் என்று உங்களில் ஒருவருக்காவது தோன்றியதா? எனக்கே தோன்றவில்லையே! சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பேராசிரியர் சாக்பீஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் கண்ணும் ஈரமாகியிருந்தது.

"பாத்திரமாகவே மாறிப் பேசுவது என்றால் இதுதான். இத்தனை வருஷத்தில் இந்த வகுப்பில் இப்படி ஒரு நடிப்பை நான் பார்த்ததில்லை" என்று சொல்லி, அவரே முதலில் கைதட்டினார்.

எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். நான் மேனேஜரைப் பார்த்தேன். அது நடிப்பில்லை என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு அவரும் எழுந்து நின்று தட்ட ஆரம்பித்தார்.