வீடு திரும்பாத தேனீக்களும் பிலோமினாவும்

தாமஸின் அழைப்பு வந்தபோது நான் ஜெலுத்தோங் சந்தையில் மீன்காரரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தேன். "அக்கா, பிலோ அக்கா போயிட்டாங்க. காலையில பூசைக்கு வரலன்னு ஃபாதர் ஆள் அனுப்பிப் பார்த்திருக்காரு. தூக்கத்துலேயே போயிருக்கு." தாமஸ், பிலோமினாவின் சித்தப்பா மகன். கெப்பாலா பத்தாஸில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவர் போனை வைத்த பிறகும் நான் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து மீன்காரர் தானாகவே விலையைக் குறைத்தார். ஒன்றும் வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கும், ஞாயிறு பூசையில் அவரைக் கண்ட உங்களுக்கும் பிலோமினா என்றால் வாய் திறக்காத மனுஷி. கர்வம் என்று சிலர் சொன்னதும் என் காதில் விழுந்திருக்கிறது. டிங்கி பரவும் மாதங்களில் யாருக்காவது பிளேட்லெட் விழுந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டைத் தானே மாடி ஏறிக் கொண்டுபோய் டாக்டர் கையில் கொடுப்பார். போன் செய்தால் போதாதா என்று கேட்டேன். "போனை வச்சதும் மறந்துடுவாங்க லா. நான் முன்னால நின்னா எப்படி மறப்பாங்க?" என்றார். அவருக்கு முழங்கால் வலி வேறு. லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு அந்த வரிசை வீட்டில் அவர் ஒருவர்தான். அப்போதுதான் தாமஸிடமிருந்து இரண்டு தேனீப் பெட்டிகள் வாங்கிவந்து பின்கட்டில், பெலிம்பிங் மரத்தடியில் வைத்தார். எனக்குச் சிரிப்பு. பேச்சுத் துணைக்கு ஒரு பூனை வளர்க்கக் கூடாதா என்றேன். "பூனை நாள் பூரா என்னையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கும். இதுங்களுக்கு அதது வேலை இருக்கு" என்றார். மாலையில் வேலை முடிந்து வந்து, பெட்டி வாசலுக்கு எதிரே நாற்காலி போட்டு, கடைசித் தேனீ உள்ளே போகும்வரை உட்கார்ந்திருப்பார். என் கணவர் போன பிறகு இரண்டாவது நாற்காலி எனக்கு வந்தது. அங்கே நாங்கள் பேசியது குறைவு. ஆனாலும் அந்த நேரத்துக்காக நான் காலையிலிருந்தே காத்திருப்பேன்.

கொசுப்புகை அடித்துவிட்டுப் போன வாரங்களில்தான் ஏதோ சரியில்லை என்று அவர் கண்டுபிடித்தார். புகை மாலையில் அடிப்பார்கள், தேனீக்கள் கூடடைந்திருக்கும். மறுநாள் பெட்டி வாசலில் ஒரு பிணம்கூட இருக்காது. பார்ப்பவர்களுக்கு எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஆனால் இலையிலும் பூவிலும் படிந்த மருந்து, தேனோடும் மகரந்தத்தோடும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருக்கும். சில தேனீக்கள் துணிக்கொடியில் வந்து உட்கார்ந்து, வாசல் எங்கே என்று தேடுவதுபோல் நடந்துகொண்டிருக்கும். பூ இருக்கும் திசையை ஆடிக் காட்டும் தேனீ பாதியில் நிறுத்திவிடும். போனது வராது. "கொல்ற அளவு இல்ல, மகேஸ். வழி மறக்கிற அளவு" என்றார்.

நான் நம்பவில்லை. அதற்காகவே ஒரு சோதனை வைத்தார். வாழ்நாளில் நகச்சாயம் பூசாதவர், கடையில் போய் அடர்சிவப்பாக ஒரு புட்டி வாங்கினார். தேனீக்களைக் குழாயில் பிடித்து, ஐஸ்பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்து மந்தமாக்கி, முதுகில் ஒரு பொட்டு வைத்தார். பிறகு அவற்றைக் கிளினிக்கில் ரத்த சாம்பிள் குழாய்கள் கொண்டுபோகும் பெட்டியில் வைத்து பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தள்ளிக் கொண்டுபோய்ப் பறக்கவிட்டார். பெட்டிக்குள் என்ன இரைச்சல் என்று டிரைவர் கேட்டாராம். "ரத்த சாம்பிள்" என்று சொன்னதும் பக்கத்து இருக்கை காலியாகிவிட்டது. நான் வீட்டில் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து சிவப்புப் பொட்டுகளை எதிர்பார்த்தேன். புகை இல்லாத மாதத்தில் நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் ஏறக்குறைய எல்லாம் வந்து சேர்ந்தன. புகைக்குப் பிந்திய வாரத்தில் தேநீர் ஆறி, இருட்டியும் விட்டது. வந்தவை கொஞ்சம். கதவைத் திறந்து வந்த பிலோமினாவின் முகத்தை என்னால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் நம்பிக்கை வந்தது.

புகை அடிக்க ஆள் அனுப்பும் சுகாதார அலுவலகத்துக்கு அவர் நடையாய் நடந்தார். அங்கிருந்த மலாய் அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லித்தான் பேசுவார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி: செத்த தேனீ இருந்தால் கொண்டு வாருங்கள், சோதனைக்கு அனுப்பலாம். செத்தது ஒன்றுமே இல்லையே, எதைக் கொண்டுபோவது? "செத்ததை எண்ணுறதுக்கு ஆள் இருக்கு. வராததை யாரு எண்ணுறது?" என்று வரும் வழியில் என்னிடம்தான் கத்தினார். புகையே வேண்டாம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பிளேட்லெட் விழுந்த ரத்தத்தை நாள்தோறும் பார்க்கிறவர் அப்படிக் கேட்பாரா? முன்கூட்டியே ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாமஸின் லாரியில் பெட்டிகளைத் தோப்புக்கு ஏற்றிவிட்டு, மழை பெய்து தெரு கழுவின பிறகு கொண்டுவந்துகொள்கிறேன் என்றார். கடைசியில் அதிகாரி ஒத்துக்கொண்டார். அன்று பிலோமினா கடையில் எனக்கு ரோஜாக் வாங்கிக் கொடுத்து, தன் பங்கையும் என் தட்டில் தள்ளினார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த ஏற்பாடு சில முறை நன்றாகவே நடந்தது. பிறகு சுமதிக்குக் காய்ச்சல் வந்தது. சுமதி, பிலோமினாவுக்கு அடுத்த வீட்டுப் பெண், ஜுருவில் தொழிற்சாலை வேலை, அப்போது வயிற்றில் பிள்ளை. அவளுடைய ரத்தம் எங்கள் மேசைக்குத்தான் வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த பிலோமினா முழங்காலை மறந்து மாடிப்படி ஏறினார்.

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாலையே அந்தத் தெருவில் புகை அடிக்க வேண்டியிருக்கிறது என்று அதிகாரி போன் செய்தார். தாமஸின் லாரி புக்கிட் மெர்தாஜாமில் பட்டறையில் கிடந்தது. வேண்டுமானால் உங்கள் வரிசையை நாளை மறுநாள் அடிக்கிறோம் என்றாராம் அதிகாரி. கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் பார்த்தார், பாவம். நான் மாலையில் போனபோது பிலோமினாவின் முன்கதவு, பின்கதவு, கேட் எல்லாம் அகலத் திறந்திருந்தன. புகைக்காரர்கள் உள்ளே இருந்தார்கள். அவர் தெருவில் நின்றார். பெட்டிகளை ஈரச்சாக்கால் மூடியிருந்தார். ஆனால் இந்த ஊர் வெக்கையில் எவ்வளவு நேரம் மூடிவைப்பது? திறந்தால் அதே பூக்களுக்குத்தான் போகும். எல்லாம் தெரிந்துதான் நின்றார். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாதே. நான் இருக்கிற வரைக்கும் சொல்லாதே. அப்புறம் என்னைப் பார்க்கிறப்பெல்லாம் கடன்காரி மாதிரி நிக்கும். எனக்குப் பக்கத்து வீடு வேணும், மகேஸ். கடன்காரி வேணாம்" என்றார்.

சுமதி பிழைத்தாள், பிள்ளையும் பிறந்தது. பெட்டிகள் மெதுவாகக் காலியாயின. வெளியே போன தேனீக்கள் வராததால் உள்ளே இருக்க வேண்டிய இளசுகள் வயதுக்கு முன்னே இரை தேடப் போயின, அவையும் வரவில்லை. கடைசியில் எறும்பு ஏறியது. பிலோமினா தேனடைகளைக் கழுவி வெயிலில் வைத்தார். "சாவு வீடு மாதிரி உக்காந்து அழவும் முடியல. யாரும் சாகலியே" என்றார். தாமஸ் புதுக்கூட்டம் தருவதாகச் சொல்லியும் வாங்கவில்லை. நாற்காலிகள் மட்டும் அங்கேயே இருந்தன. இரண்டு பேரும் பழக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுமில்லாத மரத்தடியைப் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்கு சுமதி மேல்தான் எரிச்சல். முன்பெல்லாம் கேட் அருகே நின்று பேசுகிறவள், பிள்ளை பெற்று வந்த பிறகு பிலோமினாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். அவளுக்கு எதுவும் தெரியாதே, அவளைச் சொல்லி என்ன பயன் என்று நானே என்னை அடக்கிக்கொள்வேன். குழந்தை அழும் சத்தம் கேட்டால் பிலோமினா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்புவார்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் குறைவு. குழி மூடி எல்லாரும் கலைந்த பிறகும் சுமதி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி யாருக்காக அந்த ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் அக்கா" என்றாள். "அன்னிக்கு டாக்டர் அட்மிட் பண்ணச் சொல்லிட்டாரு. துணி எடுக்க வீட்டுக்கு வந்து படுத்திருந்தேன். நடுவுல ஒரு சுவருதானே? ஆன்ட்டி மலாய்ல போன்ல கத்துறாங்க. 'இன்னிக்கே வாங்க, என் பெட்டிய பார்க்காதீங்க, பக்கத்துல புள்ளத்தாச்சி இருக்கு'ன்னு. வச்சிட்டு அழுதாங்க. அதுவும் கேட்டுச்சு. எத்தனையோ தடவை அவங்க கேட் வரைக்கும் போயிருக்கேன், அக்கா. என்னான்னு சொல்லிக் கூப்பிடுறது? அந்த மொகத்தப் பார்த்தா எனக்கு அழுகை வந்துரும். திரும்பிடுவேன்."

ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக இத்தனை காலம் இருந்திருக்கிறார்கள். தான் செய்தது சுமதிக்குத் தெரியாது என்று நினைத்தபடியே பிலோமினா போய்விட்டார். அவருடைய பொருள்களில் ஏதாவது வேண்டுமா என்று தாமஸ் கேட்டார். வேண்டாம் என்றேன். பிலோமினாவுக்குச் சேர வேண்டிய ஒரு சேதி என்னிடம் இருக்கிறது. அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.