ஞானசீலன் துப்பறிந்த ஞாயிறு

ஜெஸி வீட்டை விட்டுப் போனது, தவக்காலம் தொடங்கும் ஒரு சாம்பல் புதனன்று. காலையில் சிம்மக்கல்லுக்கு பஸ் ஏறியவள் திரும்பவேயில்லை. அவளுடைய போன் கோச்சடை வீட்டு மேசையிலேயே கிடந்தது.

போலீஸில் புகாரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அவள் அப்பா ஞானசீலன், மிஷன் பள்ளியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தானே துப்பறியக் கிளம்பினார். அட்டையில் ரத்தம் சொட்டும் மாத நாவல்களைப் பள்ளிப் பருவத்திலிருந்து படித்துத் தள்ளியவர் அவர். நண்பர் ஆரோக்கியத்துக்கும் அதே கிறுக்கு. பாதிக் கதையில் புத்தகத்தை மூடிவிட்டு, கொலைகாரன் யாரென்று இருவரும் பந்தயம் கட்டுவார்கள். "எவன் மேல சந்தேகமே வரலையோ அவன்தான் மாப்ள" என்பார் ஞானசீலன். பெரும்பாலும் ஜெயிப்பார்.

ஜெஸி போனபின் ஆரோக்கியம் தினமும் மாலையில் வந்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள், "நீலச் சுடிதார்னு போட்டு நோட்டீஸ் அடிப்பமா மாப்ள?" என்றார்.

ஞானசீலன் அவரை உற்றுப் பார்த்தார். தெரிந்தவர்களில் அந்தக் காலையில் அவளை நீலச் சுடிதாரில் பார்த்தது அவரும் மனைவி ரூத்தும் மட்டும்தான்.

ரூத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. துப்பறிகிறவன் கடைசி அத்தியாயம் வரை வாயைத் திறக்கக் கூடாது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சொந்தக்காரர்களோடு ஆரோக்கியத்தையும் முன்னறையில் உட்கார வைத்தார். குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"அந்தச் சுடிதார் நெறம் ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

ஆரோக்கியம் சிரித்தார். "என்ன மாப்ள, இது எந்த மாசத்துக் கதை?" பிறகு நண்பரின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"நாந்தாங்க அண்ணன்ட்டச் சொன்னேன்" என்றாள் ரூத். "ஒங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

ஆரோக்கியம் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தார். "வாரேன் தங்கச்சி." ஞானசீலனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞானசீலன் மன்னிப்புக் கேட்கப் போகத்தான் நினைத்தார். ஆனால் மகள் வரவில்லையே. ரூத் சொன்னதும் உண்மை, ஆரோக்கியம் அவளை ஏதோ செய்ததும் உண்மை என்று இருந்துவிட்டால்? அந்த நினைப்பு அவரை வாசல் தாண்ட விடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் ஆரோக்கியம் மாரடைப்பில் இறந்தபோதும் கல்லறைத் தோட்டத்து கேட்டோடு நின்றுவிட்டார்.

அதன்பின் மாலையானால் வெளியே யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் அவருக்குக் கேட்டது. எழுந்து போவார். வெறும் வாசல். "எங்கடா வச்சிருக்க அவள?" என்று அந்த வாசலிடம் கேட்டுவிட்டு, கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே வருவார்.

வருடங்கள் ஓடின. ஒரு மதியம் ரூத்தின் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து வாட்ஸப் வந்தது. படித்துவிட்டு அவள் அதை அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, அம்மா, நான் ஜெஸி. நல்லா இருக்கேன். கல்யாணப் பேச்சுக்குப் பயந்து நானாத்தான் போனேன், யார்ட்டயும் சொல்லல. இப்ப வரலாமா? ஆரோக்கியம் மாமாவ ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க."