சோற்றை விட்டவன் ஓட்டிய சைக்கிள்

என் முப்பத்தெட்டாவது வயதில் சோற்றை விட்டேன். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு விடவில்லை. டாக்டர் சொல்லி விட்டேன். மேட்டூர் அணை கட்டி முடித்திருந்த சமயம் அது. அடிக்கடி தாகம் எடுக்கிறது, கால் எரிகிறது என்று சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் என் சிறுநீரை நீல மருந்தோடு கண்ணாடிக் குழாயில் கலந்து விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்தது.

“சர்க்கரை வியாதி. ஊசி மருந்து சீமையிலிருந்து வரணும், அதை நம்பி இருக்க முடியாது. சோறு, களி, கம்பு, வெல்லம், கிழங்கு எல்லாத்தையும் விடு. முட்டை, கறி, கீரை, மோர், நெய் சாப்பிடு.”

“சைக்கிள் ஓட்டலாமுங்களா?”

“ஓட்டித்தான் பாரேன்” என்றார்.

ஓட்டாமல் முடியாது. எங்கள் ஊரான இளம்பிள்ளையில் நெய்த சேலைகளை மூட்டை கட்டிச் சேலத்துக் கடைகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோவதுதான் என் பிழைப்பு.

என் மனைவிதான் முதலில் சண்டைக்கு வந்தாள். “ஏனுங்க, ஊட்டுல அரிசி இருக்குது, ஆக்கிப் போட நானும் இருக்கறேன். நீங்க சோறு வேண்டாம்னா ஊரு என்னையத்தானுங்க பேசும்?”

“பேசட்டும். இன்னுங்கொஞ்சம் முருங்கைக்கீரை வையி” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வைத்தாள்.

முதல் இரண்டு வாரம் உயிரை வாங்கியது. தலை விண்விண்ணென்று தெறித்தது. கால்கள் ஈர மரக்கட்டை போலக் கனத்தன. கஞ்சமலை கண்ணில் படும் இடத்தில் மேடு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் குடித்த பிறகு கெண்டைக்கால் இழுப்பது நின்றது. மூன்றாம் வாரம் அதே மேட்டை உட்கார்ந்தபடியே ஏறினேன். மாதம் முடிவதற்குள் தொந்தி கரைந்து, வேட்டியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியதாயிற்று. கண்ணாடிக் குழாயும் பச்சையோடு நின்றது.

ஊர் ஒப்புக்கொள்ளவில்லை. கன்னம் ஒட்டியதைப் பார்த்து எனக்குச் சாவு நாள் குறித்தார்கள். சேலை மூட்டை கொடுக்கும் முதலாளி ஒரு நாள் என்னை நிறுத்தினார்.

“ஏப்பா, நீ சோறே திங்கறதில்லையாமா? பாதி வழியில மயங்கி உழுந்தீன்னா சேலைக்கு யாரு பதில் சொல்றது? மூட்டையை வேற ஆளுக்குக் குடுத்துக்கறேன்.”

எனக்கு ஆத்திரம் பொங்கியது. வருடக் கணக்காக ஒரு சேலையில் மழைத்துளி பட விட்டவனில்லை நான்.

“பொங்கலுக்குச் சைக்கிள் பந்தயம் வைக்கிறாங்கல்லங்க, அதுல நான் ஓட்டறேன். உழுந்தா மூட்டையை யாருக்கு வேணும்னாலும் குடுங்க” என்றேன்.

சேலம் எல்லை வரை போய்த் திரும்ப வேண்டும். இருபது மைலுக்குக் குறையாது. பதினைந்து பேர் ஓட்டினோம். என்னைத் தவிர எல்லோரும் இளவட்டங்கள். வெண்பொங்கலை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்திருந்தார்கள். நான் நான்கு முட்டையும் ஒரு செம்பு மோரும் சாப்பிட்டிருந்தேன்.

போகும்போது பின்னால்தான் இருந்தேன். திரும்பும்போது அவர்களில் பலர் மூச்சு வாங்கினார்கள். எனக்குக் கால் ஒரே சீராக ஓடியது. ஒவ்வொருவராகத் தாண்டினேன். ஊருக்கு இரண்டு மைல் இருக்கும்போது நான்தான் முன்னால். அப்போது பின்னாலிருந்து மூன்று பேர் சீட்டைவிட்டு எழுந்து மிதித்தார்கள். நானும் எழுந்து மிதித்தேன். மூச்சு இருந்தது, மனசு இருந்தது. தொடையில் அந்தத் திடீர் வேகம் மட்டும் இல்லை. மூவரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

“நாலாவதுதானப்பா வந்தே” என்றார் முதலாளி.

“எனக்குப் பின்னால பதினோரு பேரு வாராங்க, பாருங்க. அத்தனை பேரும் பொங்கல் தின்னவங்கதானுங்க” என்றேன்.

மறுநாள் மூட்டை என் சைக்கிளில்தான் ஏறியது.

அந்தக் கடைசி வேகம் எனக்குத் திரும்பவே இல்லை. தொடையும் கொஞ்சம் இளைத்துத்தான் போயிற்று. அதை மறைக்க மாட்டேன். பந்தயம் ஜெயிக்க நினைக்கிறவனிடம் சோற்றை விடு என்று நான் சொன்னதும் இல்லை. ஆனால் விழுந்துவிடுவேன் என்றார்களே, நான் விழவில்லை.

அந்தத் தையில் ஒரு கல்யாணப் பந்தியில், போதும் போதும் என்று நான் கை காட்டியும் பரிமாறுகிறவர் சோற்றைக் குவிக்க வந்தார். எதிர் வரிசையில் இருந்த என் மனைவி எழுந்து நின்றாள்.

“அவருக்குச் சோறு வேண்டாமுங்க. பொரியலை வையுங்க” என்றாள், பந்தி முழுக்கக் கேட்கும்படி.