என் சட்டைப்பையில் இருந்த இரும்பு

விரல் நீளத்தில் ஓர் இரும்புத் துண்டு. ஒரு பக்கம் அரம் போட்ட தடம், மறுபக்கம் துரு. ஐம்பது வருடத்துக்கு மேலாக ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன். யாராவது கையில் எடுத்து இது என்ன என்று கேட்டால் எரிந்து விழுவேன்.

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் நான் சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எஞ்சின் டிரைவர். பால் வெட்டு நின்றுபோனதால் ஆலையில் இருந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினை நெல் அரைக்கத்தான் ஓட்டினோம். புகை வெளியேறும் வால்வைத் தூக்கிவிடும் கேம், தண்டோடு சுற்றும் மேடுள்ள இரும்பு, ஒருநாள் உடைந்தது. வேறு கேம் எங்கும் கிடைக்கவில்லை. கொல்லர் அடித்துத் தந்ததும் நிற்கவில்லை. என் அக்காள் கணவர், அதே தோட்டத்தில் கரண்டு வேலை பார்த்தவர், கேமே வேண்டாம், காந்தம் தூக்கும் என்றார். ஒரு குழாயில் செப்புக் கம்பியைச் சுற்றினார். குழாய்க்குள் இந்த இரும்பை வைத்தார். சும்மா கிடந்த லாரியின் பேட்டரியைக் கழற்றி வந்தார். கேம் இருந்த தண்டில் ஒரு பித்தளைத் தகடு. அது சுற்றி வந்து தொடும்போதெல்லாம் கரண்டு பாயும், இரும்பு துள்ளி வால்வைத் திறக்கும்.

"மச்சான் காந்தத்த வச்சு வால்வத் தூக்குவாரு, அப்புறம் சோறும் ஆக்கிடுவாரு லா" என்று எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தேன். அவர் சிரித்துக்கொண்டே கம்பி சுற்றினார்.

ஒரு காலையில் எஞ்சின் ஓடியது. இருமி இருமி, கால் மணி நேரம். பார்த்தது நாங்கள் இருவர் மட்டும். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வயிறு எரிந்தது. டிரைவர் நான், ஓட்டியது அவர். பிறகு இரும்பு குழாயில் சிக்கிக்கொண்டது. பட்டறையில் அரம் போட்டு வரலாம் என்று நான்தான் அதை எடுத்துப் போனேன்.

பாதி அரத்தில் ஆலையிலிருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டான். இரும்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஜப்பான் சிப்பாய்கள் கம்பிச் சுருளைக் கையில் வைத்திருந்தார்கள். யாரோ அதை ரேடியோ என்று சொல்லிக் கொடுத்துவிட்டான். ரேடியோ வைத்திருப்பவனை ஜப்பான்காரன் பிடித்தால் ஆள் திரும்ப மாட்டான். மச்சான் மண்டியிட்டிருந்தார், உதட்டில் ரத்தம்.

கூட வந்த துபாஷி தமிழன். "அண்ணே, நீங்கதான் டிரைவர். இது எஞ்சின் சாமானுன்னு இவரு சொல்றாரு. நிஜமா?"

பையிலிருந்து இரும்பை எடுத்துச் சுருளுக்குள் போட்டு, பேட்டரியைத் தொட்டுக் காட்டியிருந்தால் போதும். துள்ளியிருக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஆமாம் என்றால் என்னையும் சேர்த்துப் பிடிப்பான் என்று பயந்தேன்.

"எஞ்சின்ல இப்படி ஒண்ணும் கிடையாது" என்றேன்.

மச்சான் என் சட்டைப்பையைப் பார்த்தார். பிறகு துபாஷியிடம், "மாப்பிள்ளைக்கு இதுல சம்பந்தமில்ல. நான் தனியாத்தான் செஞ்சேன்" என்றார்.

லாரியில் ஏற்றினார்கள். திரும்பி வரவில்லை. அக்காளிடம், நான் போவதற்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்று சொன்னேன். அவள் நம்பினாள். அவள் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டே சொன்னேன்.

என் பேரன் கூலிம் ஊரில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறான். போன மாதம் ஒரு பத்திரிகையைக் காட்டி, "தாத்தா, கேமே இல்லாம காந்தத்துல வால்வு திறக்கிற எஞ்சின். எவ்வளவு புதுசு பாருங்க" என்றான். கக்கூசுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்காள் இன்னும் இருக்கிறாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அச்சில் வந்தால் யாராவது படித்துக் காட்டுவார்கள் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்கு இன்றைக்கும் துணிச்சல் இல்லை. கேட்டபிறகு அவள் டின்னைக் கொண்டுவரச் சொன்னால் கொண்டுபோவேன். அரம் பாதியில் நின்ற இடம் அவள் விரலுக்கே தெரியும்.