எங்கள் வீட்டில் மட்டும் திறக்காத பக்கம்

என் மனைவியின் தங்கை எங்களோடு ஹைதராபாத்தில், உப்பலில் தங்கியிருந்தாள். பாளையங்கோட்டையில் பி.எட். முடித்துவிட்டு வந்தவளுக்கு நாச்சாரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பின் தெரியாத ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக அவள் செல்போனில் கூப்பிட ஆரம்பித்தார்கள். இந்தியிலும் தெலுங்கிலும் எல்லாரும் கேட்டது ஒன்றையேதான். போனைப் பிடுங்கி என் மனைவி அதட்டியதில் ஒருவன் பயந்துபோய், எண் கிடைத்த இணையதளத்தைச் சொன்னான். திறந்து பார்த்தேன். பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த படம், அவள் பெயர், எண். கீழே எழுதியிருந்ததை என் மனைவிக்குப் படித்துக்காட்ட எனக்கு வாய் வரவில்லை.

போலீசில் புகார் கொடுத்தோம். மல்லாபூரில் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து எவனோ போட்டிருக்கிறான் என்பது வரை கண்டுபிடித்தார்கள். அங்கே வருகிறவர்களிடம் பெயர், அடையாளம் எதுவும் கேட்பதில்லை. அதோடு நின்றுபோயிற்று. தளம் இருந்த சர்வரின் எண் முகவரியைத் தடுக்கச் சொல்லி உள்ளூர் இணைய நிறுவனங்களுக்கு உத்தரவு போனது. அப்படியொரு நிறுவனத்தில்தான் நான் நெட்வொர்க் வேலை பார்த்தேன். நானே தடுத்தேன்.

வீட்டிலும் எங்கள் நிறுவன இணைப்புதான்; அந்தப் பக்கம் திறக்கவில்லை. மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். மறுநாளும் போன் வந்தது. பெங்களூரிலிருந்து ஒருவன், துபாயிலிருந்து ஒருவன். தங்கை சமையலறை வாசலில் நின்றபடி மெதுவாகச் சொன்னாள்:

"நாம பாக்காம இருக்கதுக்குத்தான் இது, அத்தான். பாக்கவன் பாத்துக்கிட்டுத்தான இருக்கான்."

தளம் இருந்தது வெளிநாட்டில். என்னால் மூட முடிந்தது எங்கள் வாடிக்கையாளர்களின் கதவை மட்டும்.

அந்த வாரமே இன்னொரு தொல்லை. அதே சர்வர் முகவரியில் வேறு எத்தனையோ தளங்களும் குடியிருந்தன. தங்கள் வியாபாரத் தளம் திறக்கவில்லை என்று நாச்சாரத்துத் தொழிற்சாலைக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்தார். தடுத்த பக்கத்தில் இருப்பது யாருடைய படம் என்று என் மேலாளரிடம் சொன்னேன். அவர், போலீசிடம் தானே பேசிக்கொள்வதாகவும் தடுப்பை எடுத்துவிடும்படியும் சொன்னார். எடுப்பதற்குள் படம் இருந்த தளமே வேறு முகவரிக்கு மாறியிருந்தது. தடுத்ததெல்லாம் தொழிற்சாலைக்காரரைத்தான்.

பள்ளிக்கும் யாரோ அந்தப் பக்கத்தை அனுப்பிவிட்டார்கள். தாளாளர் அவளைக் கூப்பிட்டு, தன்மையாகத்தான், எல்லாம் அடங்கும்வரை லீவில் இருக்கச் சொன்னார். மாமனார் வந்து அவளை ஊருக்கு அழைத்துப் போனார். சிகந்திராபாத் ஸ்டேஷனில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"மாப்ளே, நீங்க இந்த வேலையிலதான இருக்கிய?"

தளத்துக்கு இடம் கொடுத்திருந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு விடாமல் எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கத்தை அடியோடு நீக்கினார்கள். அதற்குள் படம் எங்கெங்கோ பரவியிருந்தது. இருந்தாலும் ஊருக்குப் போன் செய்து அவளிடம் சொன்னேன். "சரி அத்தான்" என்றாள். போட்டவன் அகப்படவேயில்லை. அவளும் அதன்பிறகு ஹைதராபாத் பக்கம் வரவில்லை.